மூடி வைத்த லேப்டாப் பையில் ஏன் கொதிக்கிறது? கெர்னல் பிழையைத் தேடிப் பிடிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு வெள்ளிக்கிழமை ராத்திரி என்றால் மடிவாளாதான். பஸ் ஏறித் தூங்கி, விடிகாலையில் திருச்சியிலோ மதுரையிலோ இறங்கிப் பையைத் திறந்தால், லேப்டாப் இட்லிப் பானை மாதிரி சூடாக இருக்கிறது, பேட்டரி காலி. லினக்ஸ் போட்டிருக்கும் நண்பர்கள் பலர் இதைச் சொல்லிப் புலம்பியிருக்கிறார்கள். எனக்கும் நடந்தது. மூன்று வார இறுதிகளைத் தின்ற பிறகு, என் தேடல் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் செய்யப்பட்ட ஒரே ஒரு மாற்றத்தில் போய் முடிந்தது.

அந்தக் கதையைச் சொன்ன நாளிலிருந்து அல்சூர் காபிக் கடையிலும் ஆபீஸ் கேன்டீனிலும் அதே கேள்விகள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் இங்கே சேர்த்து வைக்கிறேன். கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் காதில் விழுகிறபடி எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

மூடியை மூடினா லேப்டாப் தூங்கிடும்தானே? அப்புறம் எப்படி பேட்டரி இறங்குது?

தூக்கத்தில் இரண்டு வகை இருக்கிறது. பழைய லேப்டாப்களில் எஸ்3 என்று ஒன்று. அதில் நினைவகத்துக்கு மட்டும் கொஞ்சம் மின்சாரம் போகும், மற்ற எல்லாம் அணைந்துவிடும். இப்போது வரும் பல லேப்டாப்களில் அது கிடையாது. பதிலுக்கு எஸ்2ஐடில்தான். கெர்னல் நிரல்களை உறைய வைக்கிறது, சாதனங்களை ஒவ்வொன்றாக அடக்குகிறது, பிறகு சிபியுவைச் சும்மா கிடக்க விடுகிறது. எல்லாச் சாதனங்களும் அடங்கினால்தான் சிப் தன் ஆழ்ந்த நிலைக்கு இறங்கும்.

வீட்டில் ஒரு பிள்ளை விழித்திருந்தாலும் ஹால் லைட்டை அணைக்க முடியாதே, அது மாதிரி. வைஃபையோ கார்டு ரீடரோ ஒன்று முரண்டு பிடித்தால் போதும். திரை கறுப்பாகிவிடும், பவர் விளக்கு கண் சிமிட்டும், உள்ளே மட்டும் எல்லாம் ஓடிக்கொண்டே இருக்கும்.

உங்களுடையது எந்த வகை என்று பார்க்க, சிஸ் என்ற கோப்புறையில் பவர், அதற்குள் மெம்-ஸ்லீப் என்ற கோப்பைத் திறங்கள். சதுர அடைப்புக்குள் இருக்கும் சொல்தான் இப்போது நடப்பில் இருப்பது. டீப் என்றிருந்தால் எஸ்3.

எவ்வளவு இறங்கினா சரி, எவ்வளவு இறங்கினா பிழை?

சதவீதத்தை வைத்துச் சண்டை போடாதீர்கள், வாட்டாக மாற்றிப் பாருங்கள். என் பேட்டரி 50 வாட்-மணி. அன்று ராத்திரி 8.30-க்கு 92 சதவீதத்தில் மூடினேன். திருச்சியில் காலை 6.30-க்குத் திறந்தபோது 4. பத்து மணி நேரத்தில் 88 சதவீதம், அதாவது 44 வாட்-மணி. சராசரியாக 4.4 வாட்.

இதே லேப்டாப் விழித்திருந்து, திரை அணைந்து, ஒரு வேலையும் செய்யாமல் இருந்தாலும் கிட்டத்தட்ட இவ்வளவுதான் தின்னும். ஆக, அது தூங்கவே இல்லை. நன்றாகத் தூங்கும் எஸ்2ஐடில் லேப்டாப் அரை வாட்டுக்குள் நிற்க வேண்டும் என்பது என் அளவுகோல். ஒரு வாட்டைத் தாண்டினால் சந்தேகப்படுங்கள்.

எண்களை எடுக்க பவர்-சப்ளை கோப்புறையில் எனர்ஜி-நவ் என்ற கோப்பு இருக்கும். அது மைக்ரோவாட்-மணியில் சொல்லும், பத்து லட்சத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். சில லேப்டாப்களில் அதற்குப் பதில் சார்ஜ்-நவ் இருக்கும். அது மைக்ரோஆம்ப்-மணி, வோல்டேஜால் பெருக்க வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டு 'மூணு மடங்கு இறங்குது' என்று பதறி வந்தவர் ஒருவர் உண்டு.

பேட்டரி பழசாயிடுச்சோ? எஸ்.பி. ரோட் கடைல மாத்தச் சொல்றாங்களே.

கடைக்காரர் விற்பதைத்தான் சொல்வார். பழைய பேட்டரியில் சதவீதம் வேகமாக இறங்கும், உண்மைதான். ஆனால் பை சூடாகாது. சூடு வந்தால் உள்ளே யாரோ மின்சாரத்தைச் செலவழிக்கிறார்கள் என்று அர்த்தம். எனர்ஜி-ஃபுல் என்ற எண்ணை எனர்ஜி-ஃபுல்-டிசைன் என்ற எண்ணோடு ஒப்பிடுங்கள். பாதிக்குக் கீழே போயிருந்தால் பேட்டரியை மாற்றுங்கள், இந்தப் பிரச்சினையையும் தனியாகத் தேடுங்கள்.

விண்டோஸ்லயும் இப்படி சூடாகுதுன்னு சொல்றாங்க. அப்போ லினக்ஸ் மேல என்ன தப்பு?

அங்கே இதற்குப் பெயர் மாடர்ன் ஸ்டாண்ட்பை. விண்டோஸ் 8 காலத்தில் கனெக்டட் ஸ்டாண்ட்பை என்று தொடங்கி, விண்டோஸ் 10-இல் பெயர் மாறியது. லேப்டாப்பும் போன் மாதிரி உடனே விழிக்க வேண்டும் என்பது ஆசை. அந்த ஆசைக்காகத்தான் பல தயாரிப்பாளர்கள் எஸ்3-ஐக் கைவிட்டார்கள். எனவே வன்பொருளின் பங்கும் உண்டு, அதற்குள் பதிந்திருக்கும் நிரலான ஃபெர்ம்வேரின் பங்கும் உண்டு. ஆனால் போன மாதம் வரை லினக்ஸிலேயே நன்றாகத் தூங்கிய லேப்டாப் இந்த மாதம் தூங்கவில்லை என்றால், அந்தப் பொதுக் காரணம் போதாது. நடுவில் ஏதோ மாறியிருக்கிறது.

கெர்னல்தான் காரணம்னு எப்படி உறுதி பண்றது?

பழைய கெர்னலை இன்றைக்கு ஓட்டிப் பாருங்கள். இதைவிட நல்ல சோதனை கிடையாது. அப்டேட் ஆன பிறகும் உபுண்டு, ஃபெடோரா போன்றவை முந்தைய கெர்னலை வைத்திருக்கும். லேப்டாப் தொடங்கும்போது வரும் கிரப் பட்டியலில் அதைத் தேர்ந்தெடுத்து பூட் செய்து, அளந்து பாருங்கள். அளக்கும் வழி கீழே வருகிறது. பழையதில் தூங்கி, புதியதில் தூங்கவில்லை என்றால் சந்தேகம் கெர்னல் பக்கம் சாய்கிறது.

பழையதிலும் தூங்கவில்லை என்றால் மூன்று இடங்களைப் பாருங்கள். முதலாவது பயாஸ், அதாவது லேப்டாப்பைத் தொடக்கிவைக்கும் ஃபெர்ம்வேர். ஃபெர்ம்வேரைப் புதுப்பிக்கும் எஃப்டபிள்யூ-அப்-டி கருவி கேட்டபோது நீங்களே 'சரி' அழுத்தியிருக்கலாம். இரண்டாவது லினக்ஸ்-ஃபெர்ம்வேர் தொகுப்பு. வைஃபை, கிராஃபிக்ஸ் சிப்புகளுக்கான நிரல்கள் அதில் இருக்கின்றன, அது கெர்னலோடு சேராமல் தனியாக அப்டேட் ஆகும். மூன்றாவது, புதிதாகச் செருகிய ஏதாவது பொருள்.

இதைச் செய்யாமல் நேராக, மூலத்திலிருந்து கெர்னலைக் கட்டும் கம்பைலுக்குப் போகிறவர்கள்தான் அதிகம். இரண்டு நாள் உழைத்துவிட்டு 'எல்லாக் கெர்னலும் மோசம்' என்று வந்து நிற்பார்கள்.

ஏதோ ஒரு பாராமீட்டரை, கெர்னல் தொடங்கும்போது படிக்கிற பூட் லைன்ல சேர்த்தேன், சரியாயிடுச்சு. அதோட விட்டுடலாமா?

விட்டுவிடலாம், யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் என்ன சேர்த்தீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். மெம்-ஸ்லீப்-டிஃபால்ட் சமம் டீப் என்று போட்டால், ஃபெர்ம்வேரில் எஸ்3 இருந்தால்தான் பலிக்கும். பிசிஐஇ-ஏஎஸ்பிஎம் சமம் ஃபோர்ஸ் என்பது, முடியாது என்று சொன்ன சாதனத்தின் இணைப்பையும் தூங்கச் சொல்லி வற்புறுத்துவது. சில லேப்டாப்களில் உறைந்து நிற்கும். இன்டெல்-ஐடில் மேக்ஸ்-சிஸ்டேட் சமம் 1 என்பதை எங்கேயோ பார்த்து ஒட்டி வைத்திருந்தார் ஒரு நண்பர். அது சிபியுவை ஆழமாக இறங்கவிடாமல் தடுக்கும் பாராமீட்டர். இன்டெலின் பே டிரெயில் சிப்புகள் திடீரென்று உறைந்துபோனதற்காக ஒரு காலத்தில் புழங்கியது. பேட்டரியைக் காப்பாற்ற அதைப் போடுவது, ஒழுகும் குழாய்க்குப் பக்கத்தில் இன்னொரு குழாயைத் திறந்துவிடுவதுதான்.

ஆறு மாதம் கழித்து அந்த வரியை ஏன் போட்டோம் என்று உங்களுக்கே நினைவிருக்காது. குறைந்தபட்சம் தேதி போட்டு எங்காவது எழுதி வையுங்கள்.

ராத்திரி பூரா காத்திருக்கணுமா? தூங்குச்சா இல்லையான்னு சட்டுனு பார்க்க வழி இல்லையா?

இருக்கிறது. இந்த வேலை மொத்தத்துக்கும் உயிர்நாடி இதுதான். பேட்டரி இறக்கத்தை வைத்து முடிவு செய்ய ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரமாவது வேண்டும், அப்போதும் எண் தெளிவாக இருக்காது. சிப்பே தான் எவ்வளவு நேரம் ஆழ்ந்து தூங்கினேன் என்று கணக்கு வைத்திருக்கிறது. அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அண்மைக் கெர்னல்களில் சிஸ், பவர், சஸ்பெண்ட்-ஸ்டாட்ஸ் கோப்புறைக்குள் லாஸ்ட்-எச்டபிள்யூ-ஸ்லீப் என்ற கோப்பு இருக்கும். கடைசித் தூக்கத்தில் வன்பொருள் உண்மையாகவே ஆழத்தில் இருந்த நேரம், மைக்ரோவினாடியில். இன்டெலில் பிஎம்சி-கோர் கோப்புறையில் எஸ்எல்பி-எஸ்0 ரெசிடென்சி என்றும் பார்க்கலாம். ஏஎம்டி லேப்டாப் என்றால் அந்த நிறுவனத்தின் பொறியாளர்கள் எழுதிய ஏஎம்டி-எஸ்2ஐடில் என்ற பைத்தான் நிரல் இருக்கிறது. அது தூங்க வைத்து எழுப்பி, தடுத்தது எது என்றும் முடிந்தவரை சொல்லும். ஏஎம்டிக்காரர்கள் இந்த விஷயத்தில் கொடுத்துவைத்தவர்கள்.

ஆர்டிசி-வேக் கட்டளையில் 120 வினாடி கொடுங்கள். லேப்டாப் தூங்கி, தானே எழும். நல்ல கெர்னலில் எனக்கு 11 கோடியே 60 லட்சம் மைக்ரோவினாடி வந்தது, அதாவது 116 வினாடி. கெட்ட கெர்னலில் பூஜ்யம். பத்து மணி நேரப் பஸ் பயணம் இரண்டு நிமிடச் சோதனையாகச் சுருங்கியது இப்படித்தான்.

பூஜ்யம் வரல, ஆனா ராத்திரில தானே எழுந்துக்குது. அதுவும் இதே பிழையா?

இல்லை, அது வேறு வியாதி. தூங்க முடியாதது ஒன்று, யாரோ எழுப்பிவிடுவது இன்னொன்று. சிஸ்டம் பதிவைக் காட்டும் ஜர்னல்-சிடிஎல்லில் சஸ்பெண்ட் வரிகளின் நேரத்தைப் பாருங்கள். ராத்திரி 2.10-க்கு எழுந்ததாகப் பதிவு இருந்தால் இரண்டாவது வகை. சிஸ், பவர் கோப்புறையில் பிஎம்-வேக்கப்-ஐஆர்க்யூ என்ற கோப்பு, எழுப்பிய குறுக்கீட்டின் எண்ணைச் சொல்லும். ப்ராக், ஏசிபிஐ, வேக்கப் என்ற கோப்பில் எழுப்ப உரிமை உள்ள சாதனங்களின் பட்டியல் இருக்கும். அதில் எக்ஸ்எச்சி என்று இருப்பது யுஎஸ்பி.

வயர்லெஸ் மவுஸின் குட்டி ரிசீவரைச் செருகியபடியே பைக்குள் வைத்தீர்களா? பஸ் மேடுபள்ளத்தில் குலுங்கும்போதெல்லாம் மவுஸ் அசையும், லேப்டாப் எழும். கெர்னலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பிடுங்கிவிட்டு மறுபடி பாருங்கள்.

எந்தச் சாதனம் தடுக்குதுன்னு நேரடியா கண்டுபிடிக்க முடியாதா?

சில நேரம் முடியும். டர்போஸ்டாட் என்ற கருவியை ஓட்டினால் சிபியு தொகுதி எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று தெரியும். பிசி10 என்ற நெடுவரிசையில் எப்போதும் பூஜ்யம் என்றால் ஏதோ மேலேயே பிடித்து வைத்திருக்கிறது. இன்டெலில் எல்டிஆர்-ஷோ என்ற கோப்பு, 'இவ்வளவு நேரத்துக்குள் பதில் வேண்டும்' என்று எந்தப் பகுதி அடம் பிடிக்கிறது என்று காட்டும். எல்எஸ்-பிசிஐ கட்டளையை விரிவாக ஓட்டி, ஒவ்வொரு சாதனத்துக்கும் இணைப்பைத் தூங்க வைக்கும் ஏஎஸ்பிஎம் எல்1 எனேபிள்டா டிசேபிள்டா என்று நல்ல கெர்னலிலும் கெட்ட கெர்னலிலும் எடுத்து, இரண்டையும் டிஃப் போட்டுப் பாருங்கள். எனக்கு வித்தியாசம் வந்தது ஒரே வரியில். நான் வாங்கியதிலிருந்து ஒரு தடவைகூடத் தொடாத எஸ்டி கார்டு ரீடர்.

உடனே புத்திசாலித்தனமாக அந்த டிரைவரையே கழற்றிவிட்டேன். மாற்றமே இல்லை. அரை நாள் குழம்பினேன். டிரைவர் இல்லாத பிசிஐ சாதனத்தைத் தூங்க வைக்க ஆள் இல்லை என்பது பிறகுதான் உறைத்தது. பல நேரம் அது முழு விழிப்பிலேயே கிடக்கும். 'டிரைவரை எடுத்தும் சரியாகவில்லை, அதனால் அந்தச் சாதனம் நிரபராதி' என்று தீர்ப்பெழுதிவிடாதீர்கள்.

பைசெக்ட்னா என்ன? எனக்கு சி மொழியே தெரியாது, என்னால முடியுமா?

முடியும். நான் கண்டுபிடித்தபோது அந்த டிரைவரின் ஒரு வரியைக்கூடப் படித்திருக்கவில்லை.

கோயில் திருவிழாவுக்குக் கட்டும் பழைய சீரியல் செட்டை நினைத்துப் பாருங்கள். ஒரு பல்பு போனால் மொத்தமும் அணையும். ஒவ்வொரு பல்பாகக் கழற்றிப் பார்ப்பவர் விடியும்வரை பார்ப்பார். விவரம் தெரிந்த எலக்ட்ரீஷியன் நடுவில் டெஸ்டரை வைப்பார். அதுவரை மின்சாரம் வந்தால் கோளாறு அந்தப் பக்கம், வராவிட்டால் இந்தப் பக்கம். அடுத்து மிச்சத்தில் பாதி. கெர்னலில் மாற்றங்கள் கமிட்டுகளாக வரிசையில் இருக்கின்றன. 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் கெர்னலுக்காகவே எழுதிய கிட் கருவியில் பைசெக்ட் என்ற கட்டளை இந்த எலக்ட்ரீஷியன் வேலையைச் செய்கிறது. கடைசியாக நன்றாக இருந்த பதிப்பை குட் என்றும், முதலில் கெட்ட பதிப்பை பேட் என்றும் சொல்லுங்கள். அது நடுக் கமிட்டை எடுத்துக் கொடுக்கும். கம்பைல் செய்து, பூட் செய்து, மேலே சொன்ன இரண்டு நிமிடச் சோதனையை ஓட்டி, குட் அல்லது பேட் என்று பதில் சொல்லுங்கள்.

புதிய கெர்னல் பதிப்பு 9 அல்லது 10 வாரத்துக்கு ஒன்று வருகிறது. ஒவ்வொன்றிலும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட கமிட்டுகள் இருக்கும். பயந்துவிடாதீர்கள். இரண்டை 14 தடவை பெருக்கினால் 16,384. அதனால் ஏறக்குறைய 14 சோதனை போதும். எந்தப் பதிப்பில் என் பிழை வந்தது என்று வேண்டுமென்றே சொல்லவில்லை. சொன்னால் நாளைக்கே எல்லோரும் அந்த எண்ணைத் திட்ட ஆரம்பிப்பீர்கள்.

பதினாலு தடவை கெர்னல் கம்பைலா? எங்க பிஜில கரண்டே நிக்காது, அண்ணா.

டிஸ்ட்ரோவின் (உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் தொகுப்பின்) கான்ஃபிக்கை, அதாவது எதையெல்லாம் சேர்ப்பது என்ற பட்டியலை, அப்படியே எடுத்தால் உலகத்தில் உள்ள எல்லா வன்பொருளுக்குமான டிரைவர்களையும் கம்பைல் செய்யும். என் லேப்டாப்பில் அது ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இழுத்தது. மேக் லோக்கல்-மாட்-கான்ஃபிக் என்ற கட்டளை, இப்போது ஏற்றப்பட்டிருக்கும் டிரைவர்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிடும். அதை ஓட்டுவதற்கு முன் வழக்கமாகச் செருகும் எல்லாவற்றையும் செருகுங்கள், இல்லாவிட்டால் புதுக் கெர்னலில் யுஎஸ்பி டெதரிங்கூட வேலை செய்யாது. டீபக் தகவலையும் அணைத்துவிட்டால் இடமும் நேரமும் மிச்சம். எனக்கு 25 நிமிடத்துக்கு வந்தது. கரண்ட் போனால் போகட்டும், கையில் இருப்பது லேப்டாப்தானே. மேக் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

தடுக்கி விழும் இடங்கள் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். உபுண்டு, டெபியன் கான்ஃபிக்கில் சான்றிதழ்க் கோப்பு ஒன்றின் பெயர் இருக்கும். அது உங்களிடம் இல்லாததால் கம்பைல் நிற்கும், சிஸ்டம்-டிரஸ்டட்-கீஸ் என்ற வரியைக் காலியாக்குங்கள். கையொப்பமிட்ட கெர்னலை மட்டும் அனுமதிக்கும் செக்யூர் பூட் போட்டிருந்தால் நீங்கள் கம்பைல் செய்த கெர்னல் பூட் ஆகாது, தற்காலிகமாக அணையுங்கள். கெர்னல் மூலத்தை ஆழம் குறைத்து க்ளோன் செய்யாதீர்கள், வரலாறு இல்லாமல் பைசெக்ட் நடக்காது. சில ஜிபி இறங்கும், ராத்திரி போட்டுவிட்டுத் தூங்குங்கள். பூட் பார்ட்டிஷன் தனியாக, சின்னதாக இருந்தால் மூன்றாவது கெர்னலிலேயே நிரம்பிவிடும். சோதித்து முடித்ததை அழித்துக்கொண்டே போங்கள்.

நடுவுல ஒரு கெர்னல் பூட்டே ஆகலைன்னா குட்டா பேடா?

இரண்டும் இல்லை. கிட் பைசெக்ட் ஸ்கிப் என்று சொல்லுங்கள், பக்கத்துக் கமிட்டை எடுத்துக் கொடுக்கும். பூட் ஆகாததற்கு பேட் என்று பதில் சொன்னால் நீங்கள் தேடுவது வேறு பிழையாகிவிடும்.

பைசெக்ட் முடிஞ்சுது, ஆனா சம்பந்தமே இல்லாத ஏதோ கமிட்டைக் காட்டுது. எங்க தப்பு பண்ணேன்?

எங்கோ ஒரு பதில் தவறு. பைசெக்ட் உங்களைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பும். ஒரு கெட்டதை குட் என்று சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு எத்தனை சோதனை செய்தாலும் பிழை நுழைந்த கமிட் இல்லாத பாதியிலேயே சுற்றிக்கொண்டிருப்பீர்கள். என் முதல் வார இறுதி முழுக்க அப்படித்தான் போனது. கடைசியில் அது காட்டியது, கமென்டில் எழுத்துப் பிழை திருத்திய ஒரு கமிட்!

பிறகு யோசித்தேன். ஆறாவது சோதனையில் பூட் பார்ட்டிஷன் நிரம்பியிருந்தது. கம்பைல் முடிந்தது, இன்ஸ்டால் பாதியில் நின்றது, நான் கவனிக்கவில்லை. கிரப் அமைதியாகப் பழைய நல்ல கெர்னலையே பூட் செய்தது. 116 வினாடி வந்ததும் சந்தோஷமாக குட் என்று சொல்லிவிட்டேன். அதிலிருந்து ஒவ்வொரு பூட்டுக்குப் பிறகும் முதல் வேலையாக, ஓடும் கெர்னலின் பெயரைச் சொல்லும் யுநேம் பார்க்கிறேன். கான்ஃபிக்கில் லோக்கல்-வெர்ஷன்-ஆட்டோ போட்டால் கமிட்டின் அடையாள எண்ணே கெர்னல் பெயரில் வந்துவிடும்.

இன்னொரு காரணம், பிழை சில நேரம் மட்டும் வருவது. அப்படியானால் கணக்கு சமமில்லை. ஒரு தடவை தோற்றாலே பேட். குட் என்று சொல்ல மூன்று தடவையாவது தேற வேண்டும். சார்ஜர், மானிட்டர், மவுஸ் எல்லாம் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி இருக்கட்டும். முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. பைசெக்ட் லாகைக் கோப்பில் சேமித்து, தவறான வரியிலிருந்து கீழே உள்ளதை நீக்கி, ரீப்ளே கொடுத்தால் போதும்.

கமிட் கிடைச்சாச்சு. இதுதான்னு எப்படி நம்புறது?

இருப்பதிலேயே புதிய கெர்னலை எடுத்து, அந்த ஒரு கமிட்டை மட்டும் ரிவர்ட் செய்து, அதாவது திரும்பப் பெற்று, சோதியுங்கள். தூங்கினால் அதுதான். ரிவர்ட் சண்டை போட்டு ஒட்டாவிட்டால், அந்தக் கமிட்டையும் அதற்கு நேர் முந்தையதையும் தனித்தனியாக மறுபடி கம்பைல் செய்து பாருங்கள். என் விஷயத்தில் ரிவர்ட் ஒட்டியது. பூஜ்யம் மறுபடி 116 வினாடியானது.

அப்போ அந்தக் கமிட்டை எழுதினவர்தானே குற்றவாளி?

அவசரப்படாதீர்கள். 2011-இல் நடந்ததைச் சொல்கிறேன். 2.6.38 கெர்னல் வந்த பிறகு பல லேப்டாப்களில் பேட்டரி சீக்கிரம் தீர்ந்தது. ஃபொரோனிக்ஸ் என்ற லினக்ஸ் செய்தித் தளத்தை நடத்தும் மைக்கேல் லாராபெல், மின் அளவியை வைத்து அளந்து, இதே பைசெக்ட் வழியில் தேடி, ஏஎஸ்பிஎம் தொடர்பான ஒரு மாற்றத்தில் போய் நின்றார். பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பு சும்மா இருக்கும்போது அதைத் தூங்க வைப்பதுதான் ஏஎஸ்பிஎம். பல பயாஸ்கள் தங்கள் அட்டவணையில் 'இங்கே ஏஎஸ்பிஎம் இல்லை' என்று எழுதிவிட்டு, சாதனங்களில் அதை இயக்கியும் வைத்திருந்தன. புதிய கெர்னல் அட்டவணையை நம்பி எல்லாவற்றையும் அணைத்தது. எழுத்துப்படி பார்த்தால் அது சரியான நடத்தை. அந்த ஆண்டின் இறுதியில், அப்போது ரெட் ஹாட்டில் இருந்த மேத்யூ காரெட் ஒரு பேட்ச் (திருத்தம்) எழுதினார். அந்த அட்டவணை வரியின் பொருள் 'அணைத்துவிடு' இல்லை, 'பயாஸ் வைத்தபடியே விட்டுவிடு' என்று கொண்டால்தான் விண்டோஸின் நடத்தையோடு ஒத்துப்போகிறது என்பது அவர் கண்டது.

மேலே சொன்ன ஃபோர்ஸ் பாராமீட்டர் அந்த இடைப்பட்ட மாதங்களில்தான் பரவலாகப் புழங்கியது. அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. என் கார்டு ரீடரிலும் அதே சாயல். வேறொரு லேப்டாப்பில் கார்டு ரீடர் தொங்கிப்போகிறது என்று ஒருவர் நியாயமாகத் திருத்தியிருக்கிறார். அந்தத் திருத்தம் என் மாடலிலும் எல்1-ஐ அணைத்துவிட்டது. அவரிடம் என் மாடல் இருந்திருக்காது. நான் சொல்லாமல் அவருக்கு எப்படித் தெரியும்?

என்னோடது பேட்டரி பிரச்சினை இல்ல. தூங்குது, எழுந்திரிக்கவே மாட்டேங்குது. கறுப்புத் திரைதான்.

அதற்கு முதலில் பிஎம்-டெஸ்ட். சிஸ், பவர் கோப்புறையில் உள்ள அந்தக் கோப்பில் ஃப்ரீசர் என்று எழுதிவிட்டு சஸ்பெண்ட் செய்தால், நிரல்களை உறைய வைக்கும் கட்டம் வரை மட்டும் போய், 5 வினாடி நின்று, திரும்பி வரும். அடுத்து டிவைசஸ், அடுத்து பிளாட்ஃபார்ம். எந்தக் கட்டத்தில் திரும்பி வரவில்லையோ அங்கே கோளாறு. எஸ்3 லேப்டாப் என்றால் அதற்கு மேலும் ப்ராசசர்ஸ், கோர் என்று இரண்டு கட்டங்கள் உண்டு.

அதிலும் பிடிபடாவிட்டால் பிஎம்-டிரேஸ். லேப்டாப் செத்துவிட்டால் லாகை எங்கே எழுதுவது? கடிகாரச் சிப் மட்டும்தான் உயிரோடு இருக்கும். அதனால் கெர்னல் கடைசியாகத் தொட்ட இடத்தின் குறியை அந்தக் கடிகாரத்திலேயே நேரத்துக்குப் பதிலாக எழுதி வைக்கிறது. மறுபடி உடனே பூட் செய்து, கெர்னல் பதிவைக் காட்டும் டிமெசேஜில் ஹேஷ் மேட்சஸ் என்று தேடினால் சாதனத்தின் பெயர் வரும். தேதி மட்டும் கண்டபடி மாறியிருக்கும், பதறாமல் திருத்திக்கொள்ளுங்கள். எனக்கு இந்த யுக்தி மேல் தனிப் பிரியம்.

யாருக்கு எழுதணும்? என் இங்கிலீஷ் அவ்வளவு நல்லா இருக்காதே.

இலக்கியம் யாரும் கேட்கவில்லை. எந்தப் பதிப்பு வரை நன்றாக இருந்தது, எதிலிருந்து கெட்டது, பைசெக்ட் காட்டிய கமிட், ரிவர்ட் செய்தபோது என்ன ஆனது, லேப்டாப் மாடல். இந்த ஐந்தும் இருந்தால் ஆறு வரி போதும். உலகம் முழுக்க இருந்து உடைந்த ஆங்கிலத்தில்தான் பாதி மடல்கள் போகின்றன. எழுதியவரின் முகவரி கமிட்டிலேயே இருக்கும். கெட்-மெயின்டெய்னர் என்ற ஸ்கிரிப்ட், அந்தக் கோப்புக்குப் பொறுப்பானவர்களையும் அஞ்சல் பட்டியல்களையும் சொல்லும். பவர் மேனேஜ்மென்ட் பகுதியை ரஃபேல் வைசோக்கி கவனிக்கிறார். முன்பு ஓடி இப்போது உடைந்தவற்றுக்கான ரிக்ரெஷன்ஸ் பட்டியலுக்கும் ஒரு நகல் போடுங்கள். தோர்ஸ்டன் லீம்ஹுயிஸ் உருவாக்கிய ரெக்ஸ்பாட், அங்கே வருவதைக் கணக்கில் வைத்துத் துரத்தும்.

முன்பு வேலை செய்தது இப்போது செய்யவில்லை என்றால் திருத்தியே ஆக வேண்டும் என்பது கெர்னலில் டோர்வால்ட்ஸ் விடாப்பிடியாக வைத்திருக்கும் விதி. அதனால் தயங்காதீர்கள். எளிய எழுத்து மடலாக அனுப்புங்கள், எச்டிஎம்எல் மடலை அந்தப் பட்டியல்கள் ஏற்காது. என்விடியா மாதிரி வெளி மாட்யூல் ஏற்றியிருந்தால் கெர்னல் டெயின்டட் (கறைபட்டது) என்று குறிக்கப்படும், அது இல்லாமல் ஒருமுறை சோதித்துவிட்டு எழுதுங்கள். டிஎம்ஐ-டீகோட் வெளியீட்டில் சீரியல் எண் இருக்கும், அழித்துவிட்டு இணையுங்கள். எனக்கு மூன்றாம் நாள் பதிலாக ஒரு பேட்ச் வந்தது. சோதித்துச் சொன்னேன். ரிப்போர்ட்டட்-பை, டெஸ்டட்-பை என்று என் பெயர் இரண்டு வரியில் ஏறியது. அம்மாவிடம் காட்டினேன். "சம்பளம் ஏறுமா?" என்று கேட்டார்.

ஆபீஸ் லேப்டாப்ல இதெல்லாம் பண்ணலாமா?

வேண்டாம். செக்யூர் பூட்டை அணைத்து, சொந்தக் கெர்னல் ஏற்றினால் ஐடி டீம் கூப்பிட்டு விசாரிக்கும். இரண்டு நிமிடச் சோதனை எண்ணை மட்டும் எடுத்து அவர்களுக்கு டிக்கெட் போடுங்கள்.

திருத்தம் வந்துடுச்சு, ஆனா என் உபுண்டுல இன்னும் வரலையே?

முதலில் டோர்வால்ட்ஸின் மூலத்தில் சேர வேண்டும். பிறகு, வெளிவந்த பதிப்புகளுக்குத் திருத்தங்களை மட்டும் சேர்க்கும் ஸ்டேபிள் கெர்னல்களுக்குப் போகும். எந்தக் கமிட்டை இது திருத்துகிறது என்று ஃபிக்ஸஸ் வரியில் இருந்தால் அந்தப் பயணம் எளிது. அங்கிருந்து டிஸ்ட்ரோ எடுக்கும். ஃபெடோரா, ஆர்ச் மாதிரி ஸ்டேபிளை ஒட்டி நடப்பவற்றில் சீக்கிரம், மற்றவற்றில் சில வாரங்கள் பொறுக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை ஊருக்குப் போகணும். இப்போதைக்கு என்ன பண்றது?

அணைத்துவிடுங்கள். அதில் ஒரு வெட்கமும் இல்லை. திறந்து வைத்ததெல்லாம் அப்படியே வேண்டும் என்றால் ஹைபர்னேட், அதாவது நினைவகத்தில் இருப்பதை டிஸ்கில் எழுதிவிட்டு அணைவது. அதற்கு ஸ்வாப் இடம் போதுமான அளவு வேண்டும், செக்யூர் பூட் இருந்தால் பல டிஸ்ட்ரோக்கள் அதைத் தடுத்து வைத்திருக்கும். பழைய கெர்னல் நன்றாகத் தூங்கினால், பாதுகாப்புத் திருத்தங்கள் தாமதமாகும் என்று தெரிந்துகொண்டு, ஓரிரு வாரம் அதிலேயே ஓட்டலாம்.

நான் லேப்டாப்பைக் கொண்டு வந்தா நீங்களே பார்த்துக் கொடுப்பீங்களா?

ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் சரி. சார்ஜரோடு வாருங்கள், பழைய கெர்னலை அழிக்காமல் வாருங்கள். முந்தைய ராத்திரி மூடும்போது எனர்ஜி-நவ் எண், காலையில் திறந்ததும் எனர்ஜி-நவ் எண், இரண்டையும் நேரத்தோடு ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். போன வாரம் மூன்று பேர் வந்தார்கள், தாள் கொண்டுவந்தவர் ஒருவர். அவருடையது மவுஸ் ரிசீவர்.